உணவுப் புரதமும் உயிரணுவின் வாயிலும்

உணவுத் திட்டங்களில் புரதம் கிராம் கணக்கில் குறிக்கப்படுகிறது. இத்தனை கிராம் தானியம், இத்தனை கிராம் பருப்பு, அவற்றிலிருந்து கிடைக்கும் புரதம் இவ்வளவு என்று பட்டியலிடுவது நிருவாகத்திற்கு எளிது. ஆனால், தட்டில் இடப்பட்ட புரதம் அனைத்தும் தசையாகவும் குருதியாகவும் மாறிவிடுவதில்லை. அது முதலில் செரித்து அமினோ அமிலங்களாகப் பிரிய வேண்டும். அவ்வமிலங்கள் குடற்சுவரைக் கடந்து குருதியில் கலக்க வேண்டும். பின்னர் அங்கிருந்து ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் புக வேண்டும். இப்பயணத்திற்கு உடல் ஒரு விலை கொடுக்கிறது. அவ்விலை எது என்பதை அறிந்தால், புரதப் பற்றாக்குறை குறித்து நம் நாட்டில் நிகழ்ந்த நீண்ட விவாதத்தின் அடிப்படையும் விளங்கும்.

சவ்வும் வாயில்களும்

உடற்புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. இவற்றுள் 9 வகைகளை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது; உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். உயிரணுவைச் சூழ்ந்திருக்கும் சவ்வு பெரும்பாலும் கொழுப்புப் பொருளால் ஆனது. அமினோ அமிலங்களோ நீரில் கரைபவை, மின்னேற்றம் உடையவை. எனவே அவை கொழுப்புச் சவ்வின் ஊடே எளிதில் கசிந்து செல்வதில்லை. சவ்வில் பதிந்துள்ள கடத்திப் புரதங்களே அவற்றுக்கு வாயில்களாக அமைகின்றன. ஒரே வாயில் எல்லா அமிலங்களுக்கும் பொதுவன்று. நடுநிலை அமிலங்களுக்கும், காரத் தன்மையுடையவற்றுக்கும், அமிலத் தன்மை மிகுந்தவற்றுக்கும் தனித்தனி வாயில்கள் உள்ளன.

1913ஆம் ஆண்டில் வான் ஸ்லைக், மேயர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். குருதியில் செலுத்தப்பட்ட அமினோ அமிலங்கள் விரைவில் அங்கிருந்து நீங்கித் திசுக்களில் சேர்ந்தன. திசுக்களில் அவற்றின் செறிவு குருதியில் இருந்ததைவிட மிகுதியாக இருந்தது. பள்ளத்திலிருந்து மேட்டிற்கு நீர் தானாக ஏறாது. அதுபோலவே, செறிவு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்திற்கு ஒரு பொருள் செல்ல வேண்டுமானால் ஆற்றல் செலவாக வேண்டும். அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்கு விடை காணப் பல ஆண்டுகள் ஆயின.

ஆற்றலே கூலி

விடை சோடியத்தில் இருந்தது. உயிரணுவின் வெளியே சோடியம் மிகுதி. உள்ளே அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே உண்டு. இவ்வேறுபாட்டைக் காத்து நிற்பது சவ்விலுள்ள ஓர் இறைப்பான். டென்மார்க் நாட்டின் யென்ஸ் ஸ்கோ 1957இல் இதனை வெளிப்படுத்தினார். 1997இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு, இவ்விறைப்பான் மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொணர்கிறது. ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்பணிக்கே செலவாகிறது.

வெளியேற்றப்பட்ட சோடியம் மீண்டும் உள்ளே நுழைய முனைகிறது. நுழையும்போது தன்னுடன் அமினோ அமிலத்தையும் அழைத்துச் செல்கிறது. சர்க்கரையைப் பொறுத்தவரை இவ்விணைப் பயணக் கருத்தை 1960இல் ராபர்ட் கிரேன் எடுத்துரைத்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டென்சனும் அவரது துணைவர் ஆக்செண்டரும், நடுநிலை அமினோ அமிலங்களுக்குச் சோடியத்தைச் சார்ந்த வழி ஒன்றும், சாராத வழி மற்றொன்றும் இருப்பதை 1963இல் வகைப்படுத்திக் காட்டினர்.

உள்வரவும் வெளிச்செலவும்

சோடியத்தைச் சாராத வழி பண்டமாற்று முறையை ஒத்தது. ஓர் அமினோ அமிலம் உள்ளே வர, மற்றொன்று வெளியே செல்கிறது. சோடியத்தின் துணையால் உள்ளே சேர்ந்த குளுட்டமின் போன்றவை வெளியேறி, லியூசின் போன்ற இன்றியமையா அமிலங்கள் உள்ளே வர இடமளிக்கின்றன. ஆகவே இவ்வழியிலும் கூலி மறைமுகமாகக் கொடுக்கப்படுகிறது.

மூளைக்குச் செல்லும் வழியிலும் இத்தகைய வாயில் உண்டு. அங்குப் பல அமிலங்கள் ஒரே இடத்திற்குப் போட்டியிடுகின்றன. பீனைல்கீட்டோன்யூரியா என்னும் பிறவிக் குறையில், குருதியில் மிகுந்துவிடும் பீனைல்அலனின் ஏனைய அமிலங்களின் நுழைவைத் தடுக்கிறது. பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மருந்தும் இதே வாயிலைப் பயன்படுத்துவதால், புரதம் மிகுந்த உணவோடு உண்ணும்போது சிலரிடம் அதன் பயன் குறைகிறது.

வெளிச்செலவு உள்வரவைப் போன்றே முதன்மையானது. குடலின் உயிரணு ஒரு பக்கம் பெற்றுக்கொண்ட அமிலங்களை மறுபக்கத்தின் வழியே குருதிக்கு அளிக்கிறது. பட்டினி நேரும்போது தசைப் புரதம் சிதைந்து, அலனினும் குளுட்டமினும் பெருமளவில் தசையிலிருந்து வெளியேறுகின்றன. கல்லீரல் அலனினைக் கொண்டு குளுக்கோசு ஆக்குகிறது. மாவுப்பொருள் உண்டபின் சுரக்கும் இன்சுலின் இதற்கு மாறாகச் செயற்படுகிறது. அமினோ அமிலங்கள் தசைக்குள் புகுவதை ஊக்குவித்து, தசைச் சிதைவைக் குறைக்கிறது.

வாயில் பழுதுறும்போது

1956இல் இங்கிலாந்தில் விவரிக்கப்பட்ட ஹார்ட்னப் நோயில், நடுநிலை அமினோ அமிலங்களைக் குடலிலும் சிறுநீரகத்திலும் ஏற்கும் வாயில் பழுதுற்றிருக்கிறது. டிரிப்டோபான் குறைவதால், அதிலிருந்து உடல் ஆக்கிக்கொள்ளும் நயாசினும் குறைந்து, பெல்லக்ரா போன்ற தோல் நோய் தோன்றக்கூடும். எனினும் இக்குறையுடன் பிறந்தோருள் பலர் நலமாகவே வாழ்கின்றனர். இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலங்கள் இணைந்த சிறு துண்டுகளைக் குடல் வேறொரு வாயிலால் ஏற்பதே இதற்கு ஒரு காரணம். போதிய புரதம் உண்பவரை இம்மாற்று வழி காக்கிறது; குறைவாக உண்பவரிடம் நோய் வெளிப்பட வாய்ப்பு மிகுதி. பிறவிக் குறையின் விளைவையும் உணவு நிலை மாற்றவல்லது என்பது இதனால் புலனாகிறது.

திட்டங்களுக்கு ஒரு பாடம்

1960களில் உலகெங்கும் புரதப் பஞ்சம் பற்றிய அச்சம் நிலவியது. 1968இல் ஐக்கிய நாடுகள் அமைப்பும் இதுபற்றி எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் பி.வி. சுகாத்மேயும், ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் சி. கோபாலனும் வேறுபட்ட கருத்தை முன்வைத்தனர். ஏழைக் குழந்தைகளின் உணவில் முதற்குறை புரதமன்று, மொத்த உணவின் அளவே என்பது அவர்கள் வாதம். கோபாலனும் அவரது குழுவினரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஊட்டம் குன்றிய சிறு குழந்தைகளுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 300 கலோரி கூடுதல் உணவு, மிகச் சிறிதளவே புரதம் சேர்த்து, அளிக்கப்பட்டது. அவர்களின் வளர்ச்சி மேம்பட்டது.

உயிரணுவின் கணக்கு இம்முடிவோடு பொருந்துகிறது. உணவில் ஆற்றல் போதாதபோது, உடல் அமினோ அமிலங்களையே எரிபொருளாக்குகிறது. கட்டடத்திற்கு வாங்கிய மரத்தை விறகாக எரிப்பதற்கு இது ஒப்பாகும். இதனால் புரதத்தின் தரம் பொருட்டன்று என ஆகாது. தானியங்களில் லைசின் குறைவு. பருப்பு வகைகளில் அது மிகுதி, மெத்தியோனின் குறைவு. புரதம் கட்டப்பட எல்லா அமிலங்களும் உடன் கிடைக்க வேண்டுமாதலால், சோறும் பருப்பும் சேர்ந்த உணவு தனித்தனி உணவைவிடச் சிறந்தது.

குடலின் நலமும் கருதத்தக்கது. அடிக்கடி நேரும் தொற்றினால் குடலின் உறிஞ்சும் பரப்பு குன்றுகிறது. வயிற்றுப்போக்கின்போது தரப்படும் உப்புச் சர்க்கரைக் கரைசல், சோடியமும் குளுக்கோசும் இணைந்து புகும் வாயில் கெடாமல் இருப்பதைப் பயன்படுத்துகிறது. கிளைசின் என்ற அமினோ அமிலமும் சோடியத்தையும் நீரையும் குடல் ஏற்கத் துணைபுரிவது, காலரா நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் 1970இல் காட்டப்பட்டது. ஆயினும் உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்தி அமைத்த கரைசல், செறிவு குறைந்த குளுக்கோசுக் கரைசலாகவே அமைந்தது. கரைசல் உயிரைக் காக்கும். தூய குடிநீரும் கழிப்பிட வசதியுமே தொற்றைத் தடுக்கும்.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது, தொடக்கப் பள்ளி மாணவரின் மதிய உணவிற்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும் ஒருசேர விதிக்கப்பட்டன. இவ்விரு எண்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. அரிசியின் அளவு குறையும் நாளில் பருப்பின் பயனும் குறைகிறது. குடிநீர்க் குழாயில் கழிவு கலக்கும் ஊரில் இரண்டின் பயனும் குறைகின்றன. எனவே வழங்கப்பட்ட புரதத்தின் கிராம் அளவோடு, உணவின் முழு அளவையும், குழந்தையின் எடையையும், ஊரின் நீர் நிலையையும் சேர்த்து ஆராய்வதே ஊட்டத் திட்டங்களை மதிப்பிடும் முறையான வழியாகும்.