வர்த்தக மந்திரியின் வருகையும் வட்டமேஜைக் கூட்டமும்

அந்நிய நாட்டு வர்த்தக மந்திரி ஒருவர் நம் நாட்டிற்கு வருவதும், வியாபாரப் பிரமுகர்கள் அவரை வரவேற்று வட்டமேஜைக் கூட்டம் நடத்துவதும் இக்காலத்தில் அடிக்கடி நிகழ்கின்றன. இவை பட்டணத்து முதலாளிகளின் காரியமென்றும், நிலத்தை நம்பி வாழ்பவர்க்கு இவற்றில் பங்கில்லையென்றும் விவசாயிகளிற் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. நம் தோட்டத்துப் பழம் கடல் கடந்து செல்லலாமா என்பதும், அந்நியச் சரக்கு நம் சந்தைக்கு வரலாமா என்பதும் பல சமயங்களில் இத்தகைய வருகைகளை ஒட்டியே முடிவாகின்றன. ஆகையால், இக்கூட்டம் எவ்வாறு நடைபெறுகிறது, அதனாற் பயன் பெற நாம் செய்யவேண்டியது யாது என்பவற்றை நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம்.

கூட்டத்தின் தன்மை

வட்டமேஜை என்றவுடன் 1930 முதல் 1932 வரை லண்டனில் நடந்த மகாநாடு சிலருக்கு நினைவுக்கு வரலாம். வியாபார வட்டமேஜை அவ்வளவு பெரிய ஏற்பாடன்று. வர்த்தக சங்கமோ ஏற்றுமதியைக் கவனிக்கும் ஸ்தாபனமோ தொழில் நடத்துவோர் சிலரை மட்டும் அழைத்து மந்திரியுடன் சேர்த்து உட்காரவைக்கும். நீண்ட பிரசங்கங்களுக்கு அங்கு இடமில்லை. ஒவ்வொருவருக்கும் சில நிமிஷங்களே கிடைக்கும். மந்திரி கேட்டுக்கொள்வார், உடன் வந்த உத்தியோகஸ்தர்கள் குறிப்பெடுத்துக்கொள்வர்.

அவ்விடத்திலேயே உத்தரவு பிறக்குமென்று எதிர்பார்த்தலாகாது. பூச்சி, நோய் சம்பந்தமான தடைகளை ஆராய்ந்து தீர்மானிப்பவர்கள் அந்தந்த நாட்டு விவசாய இலாகாவினரே. அவர்கள் பன்முறை கடிதப் போக்குவரத்து நடத்திப் பக்குவப்படுத்திய ஒரு விஷயத்தை முடிவுக்குக் கொண்டுவரவே மந்திரியின் வருகை உதவுகிறது. பக்குவமாகாத கோரிக்கைக்கு, மாலை எத்தனை சூட்டினும், இனிய சொற்களே பதிலாகக் கிடைக்கும்.

மாம்பழம் புகட்டும் பாடம்

இதற்கு அமெரிக்காவுக்குச் செல்லும் நம் மாம்பழமே தக்க உதாரணம். பழ ஈயும் மாங்கொட்டை வண்டும் புகுந்துவிடுமென்று அஞ்சி அந்நாட்டார் 1989-ம் வருஷத்தில் இந்திய மாம்பழத்தைத் தடுத்தனர். கொட்டைக்குள்ளேயே மறைந்திருக்கும் வண்டைப் பழத்தின் வெளித்தோற்றத்தைக் கொண்டு கண்டறிதல் அரிது. பழத்திற்கு 400 கிரே அளவு கதிர்வீச்சுக் கொடுத்து அப்பூச்சிகள் இனம் பெருகாதபடி செய்யும் முறையை இரு நாட்டாரும் ஏற்ற பின்னரே, 2007-ல் மகாராஷ்டிரத்து லாசல்காவ் நிலையத்தின் வழியாகப் பழம் மீண்டும் சென்றது. 2019-20-ம் வருஷத்தில் சென்றது 1,095 மெட்ரிக் டன்.

2020-ல் கொரோனா தொற்றுநோய் பரவியது. கதிர்வீச்சு நிலையங்களை மேற்பார்க்கும் அமெரிக்க அதிகாரிகள் பிரயாணம் செய்ய இயலாமற்போகவே ஏற்றுமதி நின்றது. பழத்தில் குறையில்லை, வாங்குவோரும் இருந்தனர். மேற்பார்ப்பவர் இன்மையே தடையாயிற்று.

1921-ல் அல்ல, நம் காலத்திலேயே, 2021-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி புது டில்லியில் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி காதரின் டையும் நம் வர்த்தக மந்திரி பியூஷ் கோயலும் தலைமை வகித்த வர்த்தகக் கொள்கைக் கூட்டம் கூடியது. அதனையொட்டி, மாம்பழத்தையும் மாதுளையையும் பரிசோதிக்கும் மேற்பார்வையை இந்தியாவிடம் ஒப்படைப்பதென்று உடன்பாடாயிற்று. 2022-ல் மாம்பழத்திற்கு வழி திறந்தது. ‘எங்கள் விவசாயிகளுக்கு உதவுங்கள்’ என்ற பொதுவான வேண்டுகோளால் இது கைகூடவில்லை. ‘மேற்பார்வையை யார் செய்வது’ என்னும் குறுகிய, தெளிவான கேள்வியால் கைகூடியது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அதே உடன்பாட்டில் அமெரிக்கர் தம் செர்ரிப் பழத்திற்கும் உலர்ந்த குதிரைமசால் தீவனத்திற்கும் நம் நாட்டில் இடம் பெற்றனர். வட்டமேஜையில் கொடுத்தலும் கொள்ளலும் உண்டு. குதிரைமசால் நம்மவர் பயிரிடுவதே. ஆகவே நாம் விற்க விரும்புவதை மட்டுமன்றி, வருபவர் நமக்கு விற்க விரும்புவதையும் முன்கூட்டியே விசாரித்தறிவது விவேகம்.

நாம் செய்யவேண்டியவை

முதலாவது, கோரிக்கையை ஒன்றிரண்டாகச் சுருக்கி ஒரே பக்கத்தில் எழுதுக. சரக்கு எது, தடை எது, அதை நீக்கவேண்டிய இலாகா எது என்னும் மூன்றும் அதில் இருத்தல் வேண்டும். கிருஷ்ணகிரி ஜில்லாவில் மிகுதியாக விளையும் பெங்களூரா மாம்பழம் பெரும்பாலும் கூழ் ஆலைகளுக்கே செல்கிறது. கூழுக்கு மேற்சொன்ன கதிர்வீச்சு வேண்டியதில்லை. ஆதலால் பழத்தின் வழக்கையும் கூழின் வழக்கையும் ஒன்றாகக் கலந்து கூறலாகாது.

இரண்டாவது, தனி ஒருவர் சொல்லை விடப் பலர் கூடிய சங்கத்தின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் மூலமாகவோ கூட்டுறவுச் சங்கத்தின் மூலமாகவோ ஒரு பிரதிநிதியை அனுப்ப முயலவேண்டும். அவர் கூறும் பயிர்ப்பரப்பு அடங்கல் கணக்கோடு ஒத்திருத்தல் அவசியம். இதில் கிராம நிர்வாக அதிகாரிகளின் சிரத்தை பெரிதும் வேண்டப்படுகிறது.

மூன்றாவது, தோட்டத்தை ஒழுங்கு செய்துகொள்க. உதிர்ந்த பழங்களை அன்றாடம் பொறுக்கி ஆழப் புதைத்தல், பழ ஈக்குக் கவர்ச்சிப் பொறி வைத்தல், தெளித்த மருந்தின் பெயரையும் தேதியையும் குறித்துவைத்தல் ஆகியவை கூட்டத்திற் பேசும் பேச்சிலும் வலிய சாட்சிகளாம்.

நான்காவது, மந்திரியோ அவருடன் வந்தோரோ வயலைக் காண வருவதாயின், வாயிலில் பாதரட்சைகளைக் கழுவ ஏற்பாடு செய்க. நோய்க்கிருமி மண்ணோடு ஒட்டிச் செல்லும். புதிய பழங்களைக் கூடையிலிட்டுப் பரிசளித்தல் நம் மரபேயெனினும், பல நாடுகளில் பிரயாணிகள் அவற்றைத் தடையின்றிக் கொண்டுபோகச் சட்டம் இடந்தராது. பழத்தை அறுத்து அவ்விடத்திலேயே உண்ணக் கொடுப்பதே நன்று.

எதிர்பார்க்கத் தக்க பலன்

இந்தியாவில் வருஷந்தோறும் சுமார் 2 கோடி டன் மாம்பழம் விளைகிறது. அதனோடு ஒப்பிட்டால் மேலே கூறிய 1,095 டன் மிகச் சிறிது. ஒரு மந்திரியின் வருகையால் உள்ளூர்ச் சந்தையில் விலை உடனே ஏறுமென்று நம்பிக் கடன் வாங்குதலும் மரம் நடுதலும் கூடா.

திறந்த வழியும் சிறு பிழையால் அடைபடக்கூடும். 2025-ம் வருஷம் மே மாதத்தில், கதிர்வீச்சு சம்பந்தமான பத்திரத்தில் குறையிருந்ததாகக் கூறி 15 மாம்பழச் சரக்குகளை அமெரிக்க விமான நிலையங்களில் ஏற்க மறுத்தனர். பழங்கள் அங்கேயே அழிக்கப்பட்டன. மந்திரிகள் கூடித் திறந்த கதவைத் திறந்தபடியே வைத்திருப்பது தோட்டக்காரரின் சுத்தமும், கணக்கெழுதுவோரின் நேர்மையும், பத்திரம் வழங்குவோரின் கவனமுமே. இம்மூன்றையும் கூட்டத்திற்கு முன்னரே கைக்கொள்ளும் கிராமத்தார், அழைப்பு வரும் நாளில் தயங்காது சென்று தம் குறையைச் சொல்லலாம்.