கல்லடைப்புக்கு நீர் மாத்திரை: எது, யாருக்கு?

சென்ற மாதம் மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு ஒரு சகோதரர் வந்தார். இரண்டாவது முறையாகச் சிறுநீரகத்தில் கல். கையில் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஒரு மாத்திரை அட்டையும் இருந்தது. கால் வீக்கத்துக்காக அவருடைய தாயாருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த நீர் மாத்திரை அது. "சிறுநீர் நிறையப் போனால் கல்லும் சேர்ந்து போய்விடும் என்று நானாகவே போட்டுக்கொண்டேன்" என்றார். அவரைப் போல் நினைப்பவர்கள் நம் மஹல்லாவில் இன்னும் சிலர் இருக்கக்கூடும் என்பதால் இதை எழுதுகிறோம்.

அந்த மாத்திரை ஃப்யூரோசமைடு. அது சிறுநீரைக் கூட்டுவது உண்மைதான். ஆனால் சிறுநீரில் வெளியேறும் கால்சியத்தையும் அது கூட்டிவிடும். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் சேர்ந்து உண்டாகுபவை. ஆகவே அந்தச் சகோதரர் தம்மை அறியாமல் கல்லுக்குத் தீனி போட்டிருக்கிறார்.

கல் மீண்டும் வராமலிருக்க மருத்துவர்கள் எழுதுவது வேறு வகை நீர் மாத்திரை. தயாசைடு வகை என்பார்கள். ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன், இன்டபமைடு ஆகியவை இதில் அடங்கும். இரத்த அழுத்தத்துக்காக நம் வீடுகளில் பலர் சாப்பிடுவதும் இவைதாம். இவை கல்லை அடித்துக்கொண்டு போவதில்லை, இருக்கும் கல்லைக் கரைப்பதுமில்லை. உடலிலிருந்து கொஞ்சம் உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன. அந்த இழப்பை ஈடுகட்ட, சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் உப்பை மீண்டும் இரத்தத்துக்கு இழுத்துக்கொள்கின்றன. உப்போடு கால்சியமும் திரும்பிப் போகிறது. சிறுநீரில் கால்சியம் குறைந்தால் புதிய கல் உருவாகும் வாய்ப்பும் குறைய வேண்டும்.

நாம் உப்பை அள்ளிச் சாப்பிட்டால் இந்த வேலை நடக்காது. உடலில் உப்பு மிஞ்சும்போது சிறுநீரகம் அதை வெளியே தள்ளும், கால்சியமும் கூடவே போகும். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் தினமும் தட்டில் இருக்கும்போது மாத்திரையை மட்டும் நம்பிப் பயனில்லை. எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி, போதும்.

மாத்திரையின் பலன் பற்றி மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவிட்சர்லாந்தில் அடிக்கடி கல் வந்த 416 பேருக்கு ஹைட்ரோகுளோரோதயாசைடு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டபோது, கல் திரும்ப வருவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே கல் வந்த எல்லோருக்கும் இந்த மாத்திரை என்று வைத்துக்கொள்ளக் கூடாது. 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துச் சோதித்து, கால்சியம் அதிகம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் பொதுவாக இதை யோசிப்பார்கள். யூரிக் அமிலக் கல் உள்ளவர்களுக்கு இது சரிவராது.

கால்சியம்தான் காரணம் என்று சிலர் பாலையும் தயிரையும் அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு. இத்தாலியில் 120 ஆண்களை ஐந்து ஆண்டுகள் கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல் வந்தது. கால்சியத்தை வழக்கம்போல் சாப்பிட்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது. வாரத்தில் பாதி நாள் பிரியாணி ஆக்கும் வீடுகள் இதைக் கவனிக்கவும்.

தயாசைடு சாப்பிடுபவர்களுக்குப் பொட்டாசியம் குறையலாம். தலைசுற்றல், தசைப்பிடிப்பு, சோர்வு இருந்தால் தள்ளிப்போடாமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சர்க்கரை சற்று ஏறவும் கூடும். நோன்பு நோற்க நினைப்பவர்கள், மாத்திரை வேளையை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்று ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சஹரில் ஒரே மூச்சில் ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பதைவிட, இஃப்தார் முதல் சஹர் வரை விட்டுவிட்டுக் குடிப்பது நல்லது. மற்ற நாட்களில் குறைந்தது இரண்டு லிட்டர் சிறுநீர் போகுமளவு தண்ணீர் குடிக்க வேண்டும்.

வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கல் தானாக வெளியே வந்தால் எறிந்துவிடாதீர்கள். சிறிய டப்பாவில் போட்டு எடுத்துச் சென்றால், அது எந்த வகைக் கல் என்று சோதித்துச் சொல்வார்கள்.