உடம்பு வைப்பது சாப்பாட்டால் மட்டுமா?

“முந்தி ஈர்க்கில் மாதிரி இருந்தனான். இப்ப தண்ணி குடிச்சாலும் உடம்பு வைக்குது” என்று சொல்லாத பெண்கள் நம்மில் குறைவு. கேட்பவர்களோ “வாயைக் கட்டு” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உண்மையில் நமது கொழுப்புக்குள் நடப்பது அவ்வளவு இலகுவான சங்கதியல்ல. அதைக் கண்டுபிடித்த கதை கஞ்சாவில் தொடங்குவதுதான் வேடிக்கை.

கஞ்சா புகைத்தவருக்குப் பசியெடுக்கும் என்பது பழைய செய்தி. 1964இல் இஸ்ரேலிய இரசாயனவியலாளர் ரபாயேல் மெசூலமும் அவருடைய சகா யெகியேல் கவோனியும் கஞ்சாவில் மயக்கம் தரும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். (ஆராய்ச்சிக்கு வேண்டிய சரக்கைப் பொலிசாரிடமே கேட்டு வாங்கினாராம் மெசூலம்!) 1988இல் அமெரிக்காவில் அலின் ஹவ்லற் குழுவினர், அப்பொருள் வந்து பொருந்துகின்ற ‘வாங்கி’ மூளையில் இருப்பதைக் கண்டார்கள். வாங்கியை ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்வோம். எங்கோ வளரும் செடிக்காகவா நமது உடம்பு பூட்டுச் செய்து வைத்திருக்கும்? உடம்புக்குள்ளேயே அதற்கொரு திறப்பு இருக்க வேண்டும் அல்லவா? 1992இல் ஜெருசலேமில் பன்றியின் மூளையிலிருந்து அந்தத் திறப்பு அகப்பட்டது. ‘ஆனந்தம்’ என்ற வடமொழிச் சொல்லை வைத்தே அதற்கு ‘ஆனந்தமைட்’ என்று பெயரிட்டார்கள். 1995இல் 2-ஏஜி என்ற இன்னொரு பொருளும் தெரியவந்தது. நமது உடம்பே சுரக்கும் இவற்றை எண்டோகனாபினொயிட்டுகள் என்கிறார்கள்.

மூளையில் மட்டுமே முக்கியம் என்று முதலில் நினைத்த இந்தப் பூட்டு கொழுப்புக் கலங்களிலும், ஈரலிலும், தசையிலும்கூட உண்டு எனப் பின்னர் தெரிந்தது. கொழுப்புக் கலத்தில் அது திறபட்டால், இரத்தத்திலுள்ள கொழுப்பு உள்ளே இழுக்கப்பட்டுச் சேமிக்கப்படுகிறது. இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் அடிப்போனெக்ரின் என்ற ஓமோன் குறைகிறது. கொழுப்புக் கலங்கள் இந்தத் திறப்புகளைத் தாமும் செய்துகொள்கின்றன. வயிற்றுக்குள் கொழுப்புக் கூடியவர்களின் இரத்தத்தில் 2-ஏஜி அதிகமாக இருப்பதையும் கண்டிருக்கிறார்கள். ஆகவே கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டையல்ல, தானும் கட்டளை போடும் ஓர் உறுப்பு.

இது நமக்கு எதிரியுமல்ல. தாய்ப்பாலிலும் 2-ஏஜி உண்டு. இந்தப் பூட்டை மருந்தால் அடைத்தபோது, பிறந்த எலிக்குஞ்சுகள் பால் குடிக்காமலே இறந்துபோயின. கிடைக்கும்போது உண்டு, கிடைக்காத நாளுக்குச் சேர்த்துவைக்கச் சொல்லும் ஏற்பாடு இது. பட்டினி கிடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் நித்திரை குழம்பினால் இந்த ஏற்பாடும் குழம்புகிறது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியான ஆய்வொன்றில், திடகாத்திரமான 14 இளவயதினரை நான்கு இரவுகள் நாலரை மணித்தியாலம் மட்டும் படுக்கவிட்டார்கள். மத்தியானத்தில் ஏறி இறங்க வேண்டிய 2-ஏஜி கூடுதலாக ஏறி, இரவு 9 மணி வரை இறங்காமலே நின்றது. வயிறு நிறையச் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலமாகாத நிலையிலும், நன்றாக நித்திரை கொண்ட நாட்களைவிடக் கொழுப்பான தின்பண்டங்களை அதிகம் எடுத்துத் தின்றார்கள். நாலே இரவில் இப்படியென்றால் நமது கணக்கு என்ன? ஷெல் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு படுத்த பழக்கம், 2009இல் போர் முடிந்த பின்னும் எத்தனையோ பேரை விடவில்லை. அப்படிப்பட்டவரைப் பார்த்து “வாயைக் கட்டு” என்பது அரைப் பேச்சுத்தான்.

பூட்டை அடைத்தால் மெலியலாமே என்று மருந்துக் கம்பனிகளும் யோசித்தன. றிமோனபன்ட் என்ற குளிசை 2006இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. ஒரு வருடம் பாவித்தவர்கள், வெறும் குளிசை எடுத்தவர்களைவிட 4, 5 கிலோ கூடுதலாக மெலிந்தார்கள். இடுப்பளவும் குறைந்தது. நிறுத்தியதும் நிறை திரும்பிவிட்டது. அதைவிடப் பெரிய வினை மனத்தில் வந்தது. கொழுப்பைச் சேர்க்கச் சொல்லும் அதே வகைப் பூட்டுத்தான் மூளையில் பயத்தையும் துக்கத்தையும் தணிக்கிறது. அதை அடைத்ததும் மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் என்று ஆட்கள் வந்து நின்றார்கள். 18,600 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஒரு பரிசோதனையில், மருந்து எடுத்தவர்களில் நால்வரும் வெறும் குளிசை எடுத்தவர்களில் ஒருவரும் தற்கொலை செய்துகொண்டனர். அமெரிக்கா அதை அனுமதிக்கவேயில்லை. ஐரோப்பாவில் 2008 ஒக்ரோபரில் விற்பனை நிறுத்தப்பட்டது.

முதற் பரிசோதனைகளில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். இழப்பைச் சுமந்துகொண்டிருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று குளிசை கடைக்கு வரும்வரை சரியாகத் தெரியாது. மூளைக்குள் குறைவாகப் போகும்படி செய்த மொன்லுனபன்ட் என்ற புதிய மருந்தின் முடிவுகள் 2024இல் வெளிவந்தன. நிறை குறைந்தாலும் பதற்றம், எரிச்சல், நித்திரைக் குழப்பம் என்பன சிலருக்கு வரவே செய்தன.

எனவே, “ஒரு மாதத்தில் பத்துக் கிலோ” என்று யாராவது தூளோ குளிசையோ நீட்டினால், அதற்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் வாங்கவேண்டாம். தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் நீரிழிவு, இருதய நோய் ஆபத்துக் கூடும் என்பது வைத்தியக் கணக்கு. தையல் நாடா ஒன்று போதும், வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். அடுத்த முறை கிளினிக்கில் நிறை நிறுக்கும்போது, இரவில் எத்தனை மணித்தியாலம் நித்திரை வருகிறது, எத்தனை தரம் திடுக்கிட்டு எழும்புகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.