வரிச் சலுகை யார் வீட்டுக்கு?

“வரியைக் குறைக்கிறோம்” என்றால் ஏழைக்கும் இனிக்கிறது, எத்தனுக்கும் இனிக்கிறது. கேட்டவுடன் கைதட்டல்! யாருக்கு எவ்வளவு என்று கணக்குக் கேட்பவரைத்தான் காணோம். அந்தக் கணக்கைப் பார்க்க, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம்.

1970-களில் அங்கே வீட்டு விலை கிடுகிடுவென ஏறிற்று. கூடவே வீட்டு வரியும் ஏறிற்று. ஓய்வு பெற்ற உழைப்பாளிக்கும், கணவனை இழந்த மூதாட்டிக்கும் வருமானம் நின்ற இடத்திலேயே நின்றது. வரிச் சீட்டு மட்டும் கனத்தது. அவர்கள் குமுறல் நியாயமானது. நாம் மறுக்கவில்லை.

அந்தக் குமுறலுக்குத் தலைமை தாங்க வந்தவர் யார்? ஹோவர்ட் ஜார்விஸ் — லாஸ் ஏஞ்செல்ஸில் வாடகைக் குடியிருப்புச் சொந்தக்காரர்கள் நடத்திய சங்கத்தின் நிர்வாகி! 1978 ஜூன் 6-ல் 13-வது பிரேரணை ஓட்டுக்கு வந்தது. ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஓட்டுடன் வென்றது. வரி, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சொத்து கைமாறும் வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது.

மூதாட்டியின் வீட்டுக்கு மட்டுமா இந்தச் சலுகை? இல்லை! தொழிற்சாலைக்கும் வணிக மாளிகைக்கும் அதே சலுகை. மனிதன் வீட்டை விற்பான், வேறூர் போவான். கம்பெனியோ தலைமுறை தாண்டியும் நிலத்தை விடாது. பங்குகள் சந்தையில் கைமாறினாலும், ஒருவரே பாதிக்கு மேல் வாங்காதவரை நிலம் கைமாறியதாகக் கணக்கில்லை. பழைய மதிப்பு, பழைய வரி!

வாடகை குறையும் என்றார்கள். குறைந்ததா? மறு ஆண்டே, 1979-ல், சான்பிரான்சிஸ்கோவும் சாண்டா மோனிகாவும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. சொத்து வரி வருவாய் பாதிக்கு மேல் சரிந்தது. கோடைகாலப் பள்ளிகள் நின்றன. நூலகக் கதவுகள் சீக்கிரமே சாத்தப்பட்டன.

கோடீசுவரர் வாரன் பப்பெட்டே 2003-ல் சொன்னார்: ஒமாஹாவில் சுமார் 5 லட்சம் டாலர் பெறும் தம் வீட்டுக்கு வரி 14,401 டாலர், கலிபோர்னியாவில் சுமார் 40 லட்சம் டாலர் பெறும் வீட்டுக்கோ 2,264 டாலர்!

இனி, புதிதாக வீடு வாங்கும் தொழிலாளியைப் பார்ப்போம். மாதம் இவ்வளவுதான் நம்மால் முடியும் என்று கணக்குப் போட்டே அவர் விலை பேசுகிறார். வரி குறைந்தால் அந்தப் பணம் தவணைக்கு மிஞ்சும். எல்லோருக்கும் மிஞ்சுவதால் போட்டி மிஞ்சுகிறது, விலை ஏறுகிறது. ஏறிய விலை விற்பவர் பைக்கு, ஏறிய கடனின் வட்டி வங்கியின் பைக்கு!

4 லட்சம் டாலர் கடன், 6 சதவீத வட்டி, 30 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 2,400 டாலர். முதல் மாதம் அதில் 2,000 டாலர் வட்டிக்கே போய்விடும். கடன் தீரும்போது கட்டிய வட்டி மட்டும் 4 லட்சத்து 63 ஆயிரம் — அசலைவிட அதிகம்! பெயருக்கு அவர் வீட்டுக்காரர். அடமானம் தீரும்வரை அதிகாரம் வங்கிக்கு. தவணை தவறினால் வீடு பறிபோகும். 2008 நெருக்கடியில் அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பங்கள் கண்ட உண்மை இது.

வரியாகப் போகும் காசு பள்ளியாகவும் நூலகமாகவும் திரும்பி வருகிறது. வட்டியாகப் போகும் காசு திரும்பி வருகிறதா?

பெரிய வணிகச் சொத்துகளுக்கு மட்டுமாவது சந்தை மதிப்பில் வரி போடுவோம் என்று 2020-ல் 15-வது பிரேரணை வந்தது. எதிர்ப்பு 52, ஆதரவு 48 சதவீதம். தோற்றது! சிறிய வீட்டுக்காரரின் அச்சம், பெரிய முதலாளிக்குக் காவலாக நின்றது.

சொந்த வீட்டில் குடியிருக்கும் ஏழைக்கும் முதியவருக்கும், வருமானம் பார்த்து வரியைக் குறையுங்கள். இரு கை நீட்டி வரவேற்போம். ஆனால் மூதாட்டியை முன்னே நிறுத்தி, மாளிகைக்காரர் பின்வாசல் வழியே சலுகை அள்ளுவதற்குப் பெயர் நிவாரணமல்ல. தோழர்களே, “வரிக் குறைப்பு” என்று முழங்குவோரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: யாருக்கு எவ்வளவு?