எல்லாம் ஒரே கையிலா?

ஊரில் வயல் செய்த காலத்தில் எல்லோரும் மதகடியில் காவல் நிற்கவில்லை. வட்டை விதானையிடம் நீர்ப்பங்கீட்டை ஒப்படைத்தோம். பிழை கண்டால் கூட்டத்தில் கேட்டோம். இடம்பெயர்ந்து வந்து சிறுதொழில் தொடங்கியபோது பலர் இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம்.

வறுத்த அரிசிமா விற்கும் ஒரு தாயாரை நினைத்துப் பாருங்கள். அரிசி ஊறவைப்பது, இடிப்பது, வறுப்பது, பொதி செய்வது, கடைக்குக் கொண்டுபோவது எல்லாம் அவரே. கடைக்காரர் இரு மடங்கு கேட்டாலும் கொடுக்க முடியாது. அவர் காய்ச்சலில் படுத்தால் அன்றைய வருமானமும் இல்லை.

மோசேயும் காலை முதல் மாலை வரை தனியே இருந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்தார். அவருடைய மாமனார் எத்திரோ, ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு ஒவ்வொரு தலைவரை நியமித்து, பெரிய வழக்குகளை மட்டும் கேட்கும்படி புத்தி சொன்னார் (யாத்திராகமம் 18).

நாமும் இப்படித் தொடங்கலாம்:

1. முதலில் ஒரு வேலையை மட்டும் கொடுங்கள். பொதி செய்வது நல்ல தொடக்கம்.
2. நிறை, பொதி கட்டும் முறை ஆகியவற்றைக் கொப்பியில் எழுதிக் கொடுங்கள்.
3. ஒரு கிழமை கூட நின்று பழக்குங்கள். பின்னர் நாளுக்கு ஒருமுறை சில பொதிகளை நிறுத்துப் பாருங்கள்.
4. பிழை வந்தால் வேலையைப் பறிக்காமல் திரும்பவும் காட்டிக் கொடுங்கள்.
5. காசை ஒருவர் வாங்க, மற்றவர் அன்றே கணக்கு எழுதட்டும்.

விலை குறிப்பது, கடன் எடுப்பது, மாவின் தரம் பார்ப்பது ஆகியவற்றை உங்கள் பொறுப்பில் வைத்திருங்கள். மிச்சப்படும் நேரத்தில் இன்னொரு கடைக்காரரைப் போய்ச் சந்திக்கலாம்.