ஒருவன் செய்த வம்பு, தெருவுக்கே தடை: கேம் சர்வர்களில் என்ன கோளாறு?

சிட்லபாக்கம் சர்வமங்களா நகரில் ஒரு பையன் மைன்கிராஃப்ட் சாட்டில் கெட்ட வார்த்தை பேசுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அட்மின் அவனுடைய ஐபி முகவரிக்குத் தடை போடுகிறார். அதே நொடியில், அஸ்தினாபுரத்தில் தன் பாட்டுக்குக் கோட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு சிறுமியும் வெளியே தள்ளப்படுகிறாள். இருவருக்கும் அறிமுகமே இல்லை. ஒரே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உதாரணம் கற்பனை. ஆனால் நம் ஊர் மொபைல் இன்டர்நெட்டில் இப்படி நடக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

2009இல் ஸ்வீடனில் பிறந்து, 2014இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கிய விளையாட்டு மைன்கிராஃப்ட். அதன் தனித்தன்மையே, யார் வேண்டுமானாலும் வீட்டுக் கணினியில் சொந்தமாக சர்வர் நடத்தலாம் என்பதுதான். அந்த சர்வரோடு சேர்த்துக்கொள்ளும் சின்னச் சின்ன நிரல்கள்தான் பிளகின்கள். 2010 கடைசியில் தொடங்கிய புக்கிட் இதற்கு வழி போட்டது. இன்று ஸ்பிகாட், பேப்பர் என்ற அதன் வாரிசுகள் புழக்கத்தில் இருக்கின்றன. வாயை மூட மியூட், வெளியே தள்ள கிக், உள்ளே விடாமலிருக்க பேன் என்று ஒழுங்கு காக்கும் கட்டளைகளில் பல எசென்ஷியல்ஸ்எக்ஸ் போன்ற பிளகின்களிலிருந்து வருகின்றன.

ஐபி தடையில் என்ன தவறு? உலகத்தில் ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். ஆளுக்கொன்று கொடுக்கப் போதாது. அதனால் மொபைல் நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. ஓர் அபார்ட்மென்டின் எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு எண் எழுதியிருப்பது போல. சிஜிநாட் எனப்படும் இந்த முறைக்கென்றே 2012இல் 100.64 என்று தொடங்கும் முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டது. வம்பு செய்தவன் ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்தால் வேறு முகவரியில் திரும்பி வந்துவிட முடியும். பழைய முகவரி யாருக்குப் போய்ச் சேர்கிறதோ, அந்தப் பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

தெரிந்தும் அட்மின்கள் ஏன் ஐபி தடையைக் கையில் எடுக்கிறார்கள்? பெயரைத் தடை செய்து பயனில்லாத சர்வர்கள் பல உண்டு. முன்பெல்லாம் தடைப் பட்டியலில் பெயர்தான் இருந்தது. ஆட்டக்காரர்கள் பெயர் மாற்றிக்கொள்ள 2015 பிப்ரவரியில் வசதி வந்தது. அதற்கு முன்பே, 2014இல், பட்டியல்கள் யூயூஐடி என்ற நிரந்தர அடையாளத்துக்கு மாறிவிட்டன. நல்ல ஏற்பாடு. ஆனால் காசு கொடுத்து வாங்காத பிரதிகளையும் சேர்த்துக்கொள்ள ‘ஆஃப்லைன் மோட்’ போட்டு நடத்தும் சர்வரில், அந்த அடையாளமே பெயரிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. ஆங்கிலத்தில் கார்த்திக்கின் முதல் எழுத்தைச் சிறிய எழுத்தாக்கினாலே அவன் புது ஆள். அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஐபி தடை. ஒரு பக்கின் (நிரல் கோளாறின்) மேல் இன்னொரு பக். சரியான மருந்து, ஆத்மீ போன்ற பிளகின் வழியாகக் கடவுச்சொல் கேட்பது. ஐபி தடை என்பது கடைசி ஆயுதமாக, சில மணி நேரக் கெடுவோடு மட்டுமே இருக்க வேண்டும்.

பிளகின் எழுதுபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இன்னொன்று. புக்கிட்டில் பெயர் கொடுத்து ஆளைத் தேடும் சாதாரண ‘கெட்பிளேயர்’ கட்டளை, பெயரின் தொடக்கம் பொருந்தினாலே ஆளைப் பிடித்துக் கொடுத்துவிடும். அருண் வம்பு செய்துவிட்டுக் கிளம்பிவிட்டான். மாடரேட்டர் ‘கிக் அருண்’ என்று அடிக்கிறார். உள்ளே இருக்கும் அருண்குமார் வெளியே போய் விழுகிறான். ‘கெட்பிளேயர்எக்ஸாக்ட்’ என்று மாற்றினால் போதும். ஒரே ஒரு சொல்தான்.

நேரக் கணக்கும் அப்படித்தான். தடை முடியும் நேரத்தை மண்டலம் குறிப்பிடாமல் உள்ளூர் நேரமாக எழுதி வைத்தால், சர்வரை மும்பையிலிருந்து சிங்கப்பூருக்கு மாற்றிய அன்று கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னே ஓடிவிடும். அப்போதுதான் போட்ட ஒரு மணி நேர மியூட் அங்கே ஏற்கெனவே முடிந்துபோயிருக்கும். யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமித்து, காட்டும்போது மட்டும் ஐந்தரை மணி நேரம் கூட்டினால் இந்தத் தொல்லை வராது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு நேரடியாக வலிக்கும் பக், சாட் வடிகட்டியில் இருக்கிறது. ஹர்ஷிதா, ரக்ஷிதா என்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினால், நடுவில் நாலெழுத்து ஆங்கில வசைச் சொல் ஒன்று வந்துவிடும். சொல்லின் எல்லையைப் பார்க்காமல் துண்டைத் தேடும் வடிகட்டி அந்தப் பெண்ணைத் தன் பெயரையே சொல்ல விடாது. 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் ஊர்க்காரர்களை ஏஓஎல் சேவை இதே காரணத்தால் பதிவு செய்ய விடவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அதே தவறு நடக்கலாமா?

தமிழ் எழுத்தில் வரும் வசைக்கோ கதை தலைகீழ். ஆங்கில எழுத்தும் எண்ணும் தவிர மற்றதைத் துடைத்துவிட்டுத் தேடும் பிளகினுக்குத் தமிழ் வாக்கியம் வெற்றிடமாகத் தெரியும். எதையும் உள்ளே விட்டுவிடும். தமிழ்ப் பட்டியல் சேர்த்தாலும் தீராது. ‘கொ’ என்பதைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறி, அல்லது ககரத்தோடு கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு. ஒப்பிடுவதற்கு முன் ஜாவாவில் உள்ள ‘நார்மலைசர்’ வழியாக இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்க, முத்து அண்ணாமலை தொடங்கிய ‘ஓப்பன் தமிழ்’ பைதான் நிரல்தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. நாமே முன்மாதிரி செய்து வைத்திருக்கும்போது வெளிநாட்டுப் பட்டியலை நம்பியிருக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பை மறக்கக் கூடாது. சர்வர் தன் பதிவுகளை எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே நிரலில் 2021 டிசம்பரில் வெளிவந்த ஓட்டையால், சாட்டில் ஒரு வரி தட்டினாலே சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. டிசம்பர் 10 அன்று மைன்கிராஃப்டின் திருத்திய 1.18.1 பதிப்பு வந்தது. பழைய பதிப்பிலேயே இருப்பவர்கள் அந்தத் திருத்தத்தையாவது போட்டிருக்கிறோமா என்று இன்றே பார்க்க வேண்டும்.

நல்ல தடைக் கட்டளை காரணம் கேட்கும், கெடு கேட்கும், யார் போட்டார் என்று பதிவு செய்யும், தவறென்றால் திரும்பப் பெற வழி வைக்கும். தண்டிக்கப்படுபவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. ஏன் தள்ளப்பட்டோம் என்று தெரியாமல் ஒரு பிள்ளை அழுதுகொண்டு உட்காருவதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

எசென்ஷியல்ஸ்எக்ஸ் திறந்த மூலநிரல்; திருத்தம் அனுப்ப யாரும் அனுமதி கேட்க வேண்டாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் தாம்பரம் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் ஜாவா படிக்கும் மாணவர்களே, உங்கள் சர்வரில் கண்ட கோளாறை, சர்வர் பதிப்பு, பிளகின் பட்டியல், செய்த படிகள், லாக் வரிகள் ஆகியவற்றோடு அந்தப் பிளகினை எழுதியவர்களுக்கு எழுதி அனுப்புங்கள். முடிந்தால் திருத்தத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.