உஷார்! அந்தச் செங்கல் மேட்டில் ஏறிவிடாதீர்கள்

பெருநாள் லீவு வந்துவிட்டால் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், மருதமுனைப் பொடியன்மாரை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. அருகம்பே கடல் அலுத்துப்போனவர்கள் இப்போது தீகவாபி, ராஜகல, லாகுகல, புத்தல என்று காட்டுப் பக்கம் மோட்டார் சைக்கிளைத் திருப்புகிறார்கள். போகட்டும், பார்க்கட்டும். நமது பகுதியின் இரண்டாயிரம் வருடச் சரித்திரத்தை நமது பிள்ளைகள் பார்க்காமல் யார் பார்ப்பது? ஆனால் வண்டியை ஸ்டார்ட் பண்ணும் முன் இதைப் படித்துவிடுங்கள். வாப்பாமாரும் உம்மாமாரும் கட்டாயம் படியுங்கள்.

2019 ஜனவரியில் நடந்ததை நாம் அதற்குள் மறந்துவிட்டோம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த எட்டு மாணவர்கள், ஹொரவப்பொத்தானைப் பக்கம் கிரலாகல தூபியின் மேல் ஏறி நின்று படம் எடுத்திருந்தார்கள். படம் ஃபேஸ்புக்கில் பரவியது. எட்டுப் பேரும் கைது. விளக்கமறியல். பெப்ரவரி 5ஆம் திகதி கெப்பித்திகொல்லாவ நீதவான் ஆளுக்கு 50,000 ரூபா தண்டம் விதித்த பிறகுதான் வெளியே வந்தார்கள். அவர்கள் கல்லை உடைக்கவில்லை, எதையும் திருடவில்லை. ஏறினார்கள், படம் எடுத்தார்கள், அவ்வளவுதான். எத்தனை வீடுகளில் அந்த இரண்டு கிழமையும் அடுப்பு எரிந்திருக்காது!

இதில் மாட்டுவது மிக இலகு. பழைய தூபி என்றால் றுவன்வெலிசாய மாதிரி வெள்ளையடித்து, கோபுரம் வைத்து நிற்கும் என்று நினைக்கிறோம். காட்டுக்குள் கிடப்பது அப்படி இருக்காது. ஒரு மண் திட்டி, அதன் மேல் பாலை மரமும் பற்றையும், ஓரத்தில் மழை அரித்த இடத்தில் எட்டிப் பார்க்கும் நாலு தட்டைச் செங்கல். ஆடு மேய்ப்பவரும் அதில் இருந்து வெற்றிலை போடுவார். அறிவிப்புப் பலகை இல்லையே, வேலி இல்லையே, ஏறினால் நல்ல ‘வியூ’ என்று கால் போய்விடும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் முன்னால், பலகையைக் காணவில்லை என்ற சாட்டு உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். அந்தச் சட்டத்தில் உள்ளே போனால் பிணை எடுப்பதும் லேசுப்பட்ட வேலையல்ல.

சட்டத்தை விடுங்கள், அந்தச் செங்கலைப் பற்றி யோசியுங்கள். அந்தக் காலத்தில் செங்கலுக்கு நடுவே சீமெந்து இல்லை, மெல்லிய களிமண் குழம்புதான். ஒருவர் சப்பாத்தோடு ஏறினால் ஓரக் கல் அசையும். அசைந்த இடத்தால் மழைத் தண்ணீர் இறங்கும். தண்ணீர் இறங்கிய இடத்தில் விதை முளைக்கும், வேர் உள்ளே போய்ப் பிளக்கும். மாரி மழையில் அந்தப் பக்கம் சரியும். திரும்ப அடுக்கினாலும் அது பழைய சுவர் ஆகாது.

புத்தலைக்கு அருகே யுதகனாவ இருக்கிறது. துட்டகைமுனுவும் தம்பி திஸ்ஸவும், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், அரசுக்காக மோதிய போர்க்களம் அது என்பது மரபு. அந்தத் திஸ்ஸ தங்கியிருந்த இடம்தான் நமது தீகவாபி. அங்குள்ள தூபியும் அவர் கட்டியது என்கிறார்கள். யுதகனாவவில் உள்ள தூபி சுற்றளவில் 300 மீற்றருக்கு மேல், ஆனால் பாதி கட்டி விட்டதுபோலத் தட்டையாக நிற்கும். பார்த்தவுடன் ஏறச் சொல்லும் உருவம். ஏறவே வேண்டாம். லாகுகல மகுல் மகா விகாரையின் சந்திரவட்டக்கல்லில் யானைகளின் முதுகில் பாகன்மார் இருப்பார்கள். நாட்டில் வேறெங்கும் இப்படிக் காண்பது அரிது. குனிந்து, கிட்டப் போய்ப் பாருங்கள். மிதித்து நின்று படம் எடுக்காதீர்கள்.

புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபியும் வேண்டாம். 2012இல் பிரெஞ்சு உல்லாசப் பயணிகள் மூவர் சிலைக்கு முத்தம் கொடுப்பதுபோல் எடுத்த படத்தைக் காலியில் பிரின்ட் போடக் கொடுத்தார்கள். ஸ்டூடியோவில் இருந்தே பொலிசுக்குத் தகவல் போனது. ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடு நாடு திரும்பினார்கள். வெள்ளைக்காரருக்கே அந்த நிலை. நமது பிள்ளையின் பெயரைக் கேட்டதும் செய்தி வேறு உருவம் எடுக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் சாப்பாட்டுக் கடையில் கிளம்பிய ஒரு பொய் வதந்தி பள்ளிவாசல் வரைக்கும் வந்து அடித்தது. 2020இல் கிழக்கின் தொல்பொருளுக்கென ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. பொத்துவில் முகுது மகா விகாரைக் காணித் தகராறு, தீகவாபிக் காணித் தகராறு என்று ஏற்கெனவே நெஞ்சில் புண் இருக்கிறது. ஒரு பொடியனின் ஒரு ‘போஸ்’ அதில் உப்பு வைக்கும். கோபம் நியாயமானதுதான். அதைத் தீர்க்க நீதிமன்றம் இருக்கிறது, பாராளுமன்றம் இருக்கிறது. தூபியின் உச்சி அதற்கு இடமல்ல.

இன்னொன்று, புதையல் தோண்டல். “காக்கா, இரவைக்கு ஒரு ஹயர் இருக்கு, இரட்டைக் காசு” என்று யாராவது காட்டுக்கு வாகனம் கேட்டால், பெக்கோ கேட்டால், போகாதீர்கள். புதையல் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டிப்போகும் மந்திரவாதி தப்புவான்; ஓடின டிரைவர் பிடிபடுவான், வாகனமும் போகும்.

நமது காலத்துப் போர்க்களமும் இதே மண்ணில்தான். கஞ்சிகுடிச்சாறு காட்டை 2007 தொடக்கத்தில்தான் விசேட அதிரடிப்படை புலிகளிடமிருந்து பிடித்தது. பழைய பங்கர், துருப்பிடித்த இரும்பு எது கண்ணில் பட்டாலும் தொடாதீர்கள், காலால் தட்டாதீர்கள், நினைவுக்கென்று எடுத்து வராதீர்கள். இடத்தை அடையாளம் வைத்து 119க்குச் சொல்லுங்கள். பாதை விட்டு விலகிக் குறுக்கே நடக்கவும் வேண்டாம்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் பயப்படுவது யானைக்குத்தான். அட்டாளைச்சேனை, ஒலுவில் பக்கத்துப் பள்ளக்காட்டில் நாம் கொட்டும் குப்பையைத் தின்ன யானை வருகிறது. பிளாஸ்டிக் தின்று எட்டு வருடத்தில் இருபதளவு யானை அங்கே செத்ததாக 2022 ஜனவரியில் உலகம் முழுக்கச் செய்தி வந்தது. சாப்பாட்டு வாசனைக்குப் பழகிய யானை மனிதனைக் கண்டு ஒதுங்காது. லாகுகலவில் பொத்துவில்–சியம்பலாண்டுவ வீதியை மாலையில் யானை கடக்கும். அஸர் தொழுததும் திரும்பிவிடுங்கள். மஃரிபுக்குக் காட்டு வீதியில் இருக்கக்கூடாது. யானையைக் கண்டால் ஹோர்ன் அடிக்காதீர்கள், லைட்டை அடித்துப் பார்க்காதீர்கள், வீடியோவுக்கு இறங்கவே இறங்காதீர்கள். பார்சல் மிச்சத்தை வீதியில் எறியாதீர்கள், அது அடுத்து வருபவரின் உயிருக்கு வைக்கும் உலை.

மாரி காலமென்றால் பயணமே வேண்டாம். 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரம் கவிழ்ந்து, மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் பலரை நாம் மையித்தாகத்தான் எடுத்தோம். வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால், எத்தனை பேர் கடந்து போனாலும், வண்டியைத் திருப்புங்கள். போகிற நாளில் எந்தப் பாதையால் போகிறீர்கள், யார் யார் போகிறீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுங்கள். போனை முழுசாக சார்ஜ் போட்டு, 119ஐயும் அம்புலன்சுக்கான 1990ஐயும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.